வெடிக்காத கேப்: பழனி மலையில் கேப் துப்பாக்கியோடு நான் பட்ட பாடு

பழனி மலையில் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குழல் வாய் வழியாகக் கரிமருந்து போட்டுக் கெட்டித்து, பின்பக்கம் நிப்பிள் என்கிற துளையுள்ள குமிழ் மேல் சின்னதாக ஒரு செம்புக் கேப்பை மாட்டிச் சுடும் ரகம். விசையை அழுத்தினால் குதிரை என்கிற சுத்தியல் கேப்பைத் தட்டும், கேப் வெடித்த நெருப்பு நிப்பிள் துளை வழியாகப் போய் மருந்தைப் பற்றவைக்கும். லைசென்ஸில் எஸ்.பி.எம்.எல். என்று எழுதியிருக்கும், வாய் வழியாக மருந்து போடும் ஒற்றைக்குழல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். துப்பாக்கியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சொல்லித்தர ஊரில் ஆள் கிடைக்கும். கேப்பைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு வெள்ளாமையைப் பறிகொடுத்து, அலைந்து, பணத்தை விட்டுத் தெரிந்துகொண்டேன். இதே துப்பாக்கியை வைத்திருக்கிற இன்னொருவர் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் தாண்டிக்குடிப் பக்கம். காப்பியும் மிளகும் நடுநடுவே மலைவாழையும், கீழ்ச்சரிவில் கிழங்கும் பீன்ஸும். அப்பா காலத்துத் துப்பாக்கி. அவர் தவறிய பிறகு அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. வாரிசு பெயருக்கு லைசென்ஸ் மாற்ற 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. வாரிசுச் சான்று, அக்கா தங்கையின் சம்மதக் கடிதம், ஸ்டேஷன் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று அது தனிக்கதை. ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள்ளும் குடியிருக்கிற லைசென்ஸ்தாரர்கள் வனத்துறையிலும் பெயரைப் பதிய வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. நம் பக்கத்தில் பலருக்கு இது தெரியாது. உங்கள் வீட்டில் அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி கைக்கு வந்தபோது அப்பா வைத்திருந்த தகர டப்பாவில் கேப் தீர்ந்திருந்தது. டப்பா மேல் இருந்த எழுத்தும் துருவில் போய்விட்டது. என்ன நம்பர், எந்தக் கம்பெனி, ஒன்றும் தெரியவில்லை. லைசென்ஸை எடுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கி, சமவெளியில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். “கேப்புதானே தம்பி, எல்லாம் ஒரே சைஸுதான். போட்டா வெடிக்கும்” என்றார் கடைக்காரர். பிளாஸ்டிக் கவரில் உதிரியாக எண்ணிப் போட்டுக் கொடுத்தார். கவரில் கம்பெனி பெயர் கிடையாது, வருஷம் கிடையாது. லைசென்ஸில் மட்டும் வாங்கிய எண்ணிக்கையை ஒழுங்காகப் பதிந்து சீல் வைத்துக் கொடுத்தார். கேப்புக்குக் கொடுத்த காசை விட ஜீப்புக்குப் போட்ட டீசலும் அன்றைக்குத் தோட்டத்தில் நின்றுபோன வேலையும்தான் அதிகம். கேப் வெடிபொருள். தபாலிலோ கூரியரிலோ வரவழைக்க முடியாது, ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற பஸ்ஸில் கொண்டுவருவதும் கூடாது. நேரில் போய்ச் சொந்த வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். அதனாலேயே வாங்கும் இடத்தில் சரியாக வாங்குவது நமக்கு அவ்வளவு முக்கியம்.

ஐப்பசி மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்த ஒரு ராத்திரி, கீழ்ச்சரிவில் பன்றிக் கூட்டம் இறங்கியது. நாங்கள் சுடுவது சத்தத்துக்கு மட்டும்தான். குண்டு, ரவை எதுவும் போடுவதில்லை. காட்டுப்பன்றியைச் சுடும் அதிகாரம் நமக்குக் கிடையாது. காட்டுமாட்டைச் சுடலாம் என்று நினைத்தே பார்க்கக்கூடாது, அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு. பரணில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக் குதிரையை ஏற்றி விசையை அழுத்தினேன். குதிரை விழுந்த சத்தம் மட்டும் “டக்” என்று கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கேப்பை மாற்றினேன். மறுபடியும் டக். அடுத்ததில் கேப் மட்டும் சுருக்கென்று பொரிந்தது, மருந்து பற்றவில்லை. இன்னொன்று குதிரை ஏற்றும்போதே நிப்பிளை விட்டுக் கழன்று இருட்டில் எங்கோ விழுந்தது. கீழே கிழங்கைத் தோண்டித் தின்கிற சத்தம் தெளிவாகக் கேட்கிறது, என் கையில் ஒன்றும் இல்லை. தகரத்தைத் தட்டினோம், கத்தினோம். அவை மெதுவாக அடுத்த பாத்திக்கு நகர்ந்தன, அவ்வளவுதான். விடிந்து பார்த்தால் கிழங்குப் பாத்தி முழுக்க உழுது போட்ட மாதிரி கிடந்தது. வாழைக்கன்றுகளை வேரோடு பிரட்டிப் போட்டிருந்தன. ஏறக்குறைய 40,000 ரூபாய். அந்தக் காலையில் எனக்கு அழுகை வந்தது. பன்றி மேல் கோபம் வரவில்லை. “போட்டா வெடிக்கும்” என்று சொல்லி அனுப்பிய வார்த்தை மேல்தான் கோபம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கேப் என்ற பொருளே ஈரத்தாலும் காற்றாலும் ஏமாற்றுகிற சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு மாற்றாக வந்தது. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தச் செம்புக் கேப். 1834-ல் இங்கிலாந்தில் வுல்விச்சில் பட்டாளத்தார் இரண்டையும் ஆறாயிரம் தடவை சுட்டுப் பார்த்தார்கள். சக்கிமுக்கி 922 தடவை ஏமாற்றியது. கேப் 36 தடவைதான். அதாவது ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே 166-க்கு ஒன்றுதான் வெடிக்காமல் போயிருக்கிறது. உங்கள் கேப்பில் பத்துக்கு ஒன்று சதி செய்தாலே எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். “மலையில ஈரம், அப்படித்தான் இருக்கும்” என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். என்னிடம் நிறையப் பேர் அதைத்தான் சொன்னார்கள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் ஒருவரிடம் முறைப்படி அனுமதி வாங்கிக் கொண்டுபோனேன். அவர் கேப்பைப் பார்க்கவே இல்லை. நிப்பிள் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி அரத்தை எடுத்து ராவிவிட்டார். முன்னால் இறுக்கமாக உட்கார்ந்த கேப்பும் இப்போது கழன்று விழ ஆரம்பித்தது. அதற்குக் கூலி தனி. பிறகு வேறொரு ஊர்க் கடையில் வேறு கேப் வாங்கினேன், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் விவரம் சொன்னவர் எஸ்டேட்டில் காவல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். உறவில்லை, ஆனாலும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். என் கவரை வாங்கித் திண்ணையில் கொட்டாமல், ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார். “இதுல மூணு சீக்கு இருக்குப்பா. ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பாரு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா காசுதான் போகும்” என்றார். அளவு, நிப்பிள், ஈரம். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்துத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் அளவு. எல்லாக் கேப்பும் ஒரே சைஸ் என்பது சுத்தப் பொய். சாதாரண வேட்டைத் துப்பாக்கி ரகத்துக்கு 10, 11 என்று இரண்டு நம்பர்கள் அதிகம் புழங்குகின்றன. பழைய பட்டாளத் துப்பாக்கிக்கு விளிம்பு மடிந்த பெரிய கேப் தனியாக உண்டு. அமெரிக்காவின் சி.சி.ஐ. கேப் 10, 11 என்று வருகிறது. ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். 1075 என்ற எண்ணோடு வருகிறது. ஒரே 11 என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி மயிரிழை மாறும். நம் நிப்பிளோ உள்ளூர்ப் பட்டறையில் கடைந்ததாக இருக்கும், எந்த நம்பருக்கும் கட்டுப்படாது. அதனால் நம்பரை நம்பாமல் மாட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சரியான கேப் விரலால் அழுத்தினாலே அடிவரை போய், கேப்பின் உள்தட்டு நிப்பிளின் நுனியைத் தொட்டு உட்காரும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து லேசாக ஆட்டினாலும் விழாது, நகத்தால் நெம்பினால் நசுங்காமல் வரும். சிறியதாக இருந்தால் பாதியிலேயே நின்றுவிடும். குதிரையின் முதல் அடி கேப்பைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். “ரெண்டாவது தட்டுல வெடிக்குது” என்று ஒருவர் சொன்னால் தொண்ணூறு சதம் இதுதான் காரணம். பெரிதாக இருந்தால் நடக்கும்போதே உதிரும். கேப்பின் வாயைக் கொஞ்சம் நசுக்கி மாட்டுகிற பழக்கம் உண்டு, அது அந்த நேரத்துச் சமாளிப்பு மட்டும்தான். எப்போதும் நசுக்க வேண்டியிருந்தால் கேப்பை மாற்றுங்கள்.

இதற்காக மொத்தத் துப்பாக்கியையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பயிர்க் காவல் லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. நிப்பிளை மட்டும் அதற்குரிய சாவியால் கழற்றி, லைசென்ஸோடு கொண்டுபோய்க் கடையிலேயே கேப்பை மாட்டிப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் ஒப்புக்கொள்வார். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். எனக்கு இந்த ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது நிப்பிள். கேப் மாட்டாத வெறும் துப்பாக்கியில் குதிரையைத் தட்டித் தட்டி விளையாடினால் நிப்பிள் நுனி காளான் மாதிரி பரந்துவிடும். பிறகு எந்தக் கேப்பும் அடிவரை இறங்காது. வீட்டுப் பிள்ளைகள் எடுத்துத் தட்டாதபடி பூட்டி வைக்க இதுவும் ஒரு காரணம். நிப்பிள் நடுவிலிருக்கும் நெருப்புத் துளை ஊசி நுழைகிற அளவுதான் இருக்க வேண்டும். பல வருஷம் சுட்டுச் சுட்டு அது அகன்றுபோனால் வெடிக்கும்போது காற்று பின்னால் அடித்துக் குதிரையையே தூக்கும், கேப் சில்லு சில்லாகத் தெறிக்கும். செம்புச் சில்லு கண்ணில் பட்டால் பார்வை போகும். ராத்திரி ஆனாலும் வெள்ளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுங்கள். நிப்பிளை அரத்தால் ராவிச் சரிசெய்ய யாரையும் விடாதீர்கள். புது நிப்பிள் கடைந்து போடச் சொல்லுங்கள், மரைச்சுற்று பழையதோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். எனக்குப் புது நிப்பிள் போட்டதும், அதுவரை ஏமாற்றிய இரண்டாவது கடைக் கேப்பே நன்றாக வெடிக்க ஆரம்பித்தது. முதல் கடைக் கேப் அப்போதும் வெடிக்கவில்லை, அதன் சீக்கு வேறு.

அந்தச் சீக்குதான் ஈரமும் பழசும். நல்ல கேப்பைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே மருந்து சமமாகப் படிந்து, மேலே வார்னிஷோ மெல்லிய தகடோ மூடியிருக்கும். என் கவரில் இருந்தவற்றில் பலதில் ஓரம் பெயர்ந்திருந்தது, சிலதில் மருந்தே பாதிதான் இருந்தது. செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. களிம்பு பிடித்ததை வாங்காதீர்கள், வீட்டில் இருந்தால் பயன்படுத்தாதீர்கள். அடுப்புக்கு மேல் வைத்துக் காயவைக்கிற எண்ணமே வரக்கூடாது. அது சூட்டுக்கும் தட்டுக்கும் வெடிக்கிற பொருள். கேப்பை அதன் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள். கண்ணாடிப் புட்டியிலோ டிபன் டப்பாவிலோ உதிரியாகக் கொட்டி வைத்தால், ஒன்று வெடித்தால் அத்தனையும் வெடிக்கும். பெட்டியை மூடி இறுகும் டப்பாவில் வைத்து, மருந்துக் கடை மாத்திரைப் புட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை உடன் போடுங்கள். கரிமருந்து இருக்கும் அலமாரியில் கேப்பை வைக்கக் கூடாது. புகைக்கூண்டு பக்கமும் வேண்டாம்.

கேப் நல்லதாக இருந்தும் மருந்து பற்றாமல் போவதற்கு எங்கள் மலையில் அதிகக் காரணம் எண்ணெய். மழைக்காலத் துருவுக்குப் பயந்து குழலில் எண்ணெய் விட்டு, வாய் மேலே பார்க்கச் சாத்தி வைக்கிறோம். எண்ணெய் மெதுவாக அடியில் இறங்கி நெருப்புத் துளையை அடைத்துவிடுகிறது. பரணில் எனக்குக் கேப் மட்டும் பொரிந்து அணைந்தது இதனால்தான். வாய் கீழே பார்க்கச் சாத்தி வையுங்கள். சுடுவதற்கு முன், மருந்து எதுவும் போடாத காலித் துப்பாக்கியில் ஒரு கேப்பை மட்டும் மாட்டி, குழல் வாயை ஒரு புல்லிதழுக்குப் பக்கத்தில் தரையை நோக்கிப் பிடித்துத் தட்டுங்கள். புல் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. அசையாவிட்டால் நிப்பிளைக் கழற்றி ஊசியால் சுத்தம் செய்யுங்கள். பனி ராத்திரியில் கேப்பை மாட்டிய பிறகு அதன் அடி விளிம்பைச் சுற்றி வெளியே மட்டும் துளி தேன்மெழுகு தடவினால் ஈரம் உள்ளே போகாது. பெரியப்பா சொன்ன இதை நான் இன்றைக்கும் செய்கிறேன். பழைய ரகக் கேப்புகளில் குளோரேட் உப்பு கலந்த மருந்து இருக்கும். அது எரிந்த பிறகு உப்பாகப் படிந்து ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துரு ஏற்றும். எந்தக் கேப்பாக இருந்தாலும் சுட்ட மறுநாளே சுடுதண்ணீரால் குழலையும் நிப்பிளையும் கழுவித் துடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

வெடிக்காதபோது என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற இடம் அது. “டக்” என்று விழுந்து ஒன்றும் நடக்காவிட்டால் வாயைப் பாதுகாப்பான பக்கமே நீட்டியபடி குறைந்தது ஒரு நிமிஷம் அசையாமல் இருங்கள். பற்றிய பொறி உள்ளே தாமதமாக மருந்தைத் தொட்டு வெடிப்பதுண்டு. வாய்க்குள் எட்டிப் பார்ப்பது, கெட்டிக்கோலை விடுவது இரண்டுமே கூடாது. பொறுத்த பிறகு புதுக் கேப் மாட்டி மறுபடி முயலுங்கள். கேப் மாற்றியும் பற்றாவிட்டால் குழலில் தண்ணீர் விட்டு மருந்தைச் செத்துப்போக வைத்துவிட்டு, பகலில் வெளியே எடுங்கள்.

என் நிலைமையைப் பார்த்து வேறு யோசனை சொன்னவர்களும் உண்டு. தீபாவளிச் சுருள் கேப்பை வெட்டி உள்ளே வைக்கலாம், தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைக்கலாம், லைசென்ஸ் இல்லாமல் கேப் கட்டித் தருகிற ஆளைத் தெரியும் என்றெல்லாம் சொன்னார்கள். பயிர் போன வயிற்றெரிச்சலில் இதெல்லாம் நியாயமாகத் தோன்றும். வேண்டவே வேண்டாம். சுருள் கேப்பில் இருப்பது உரசினாலே பற்றுகிற கலவை. விரல் போன பிறகு யாரும் திருப்பித் தர முடியாது. வீட்டில் கேப் தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம், லைசென்ஸும் போய்விடும். அடுத்த தோட்டத்துக்காரருக்கு உங்கள் லைசென்ஸில் வாங்கிக் கொடுப்பதும் கூடாது, அவரவர் லைசென்ஸில் அவரவர்தான் வாங்க வேண்டும்.

இப்போது நான் வாங்கும் விதம் இது. ஆவணி கடைசியில், மழைக்கு முன்னாலேயே கடைக்குப் போன் செய்து சரக்கு இருக்கிறதா, மூடிய பெட்டியா, பெட்டியில் கம்பெனி பெயரும் நம்பரும் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். உதிரி என்றால் மலையை விட்டு இறங்குவதில்லை. போனதும் நிப்பிளில் மாட்டிப் பார்த்து ஒரே ஒரு பெட்டி வாங்குகிறேன். தோட்டத்தில் காலித் துப்பாக்கியில் ஒரு பத்தைத் தட்டிப் பார்த்து, பத்தும் முதல் தட்டிலேயே வெடித்த பிறகுதான் அந்தப் பெட்டியைக் காவலுக்கு ஒதுக்குகிறேன். அடுத்த தடவையும் அதே கம்பெனி, அதே நம்பர்தான். அதிகச் சூடு தருகிற மேக்னம் ரகம் என்று விலை கூட்டிச் சொல்வார்கள். அது வெளிநாட்டில் கரிமருந்துக்குப் பதிலாகப் போடுகிற பைரோடெக்ஸ் மாதிரியான, சீக்கிரம் பற்றாத மருந்துகளுக்கு உதவும். நம் கரிமருந்து சுலபமாகப் பற்றும், சாதாரண நல்ல கேப்பே போதும்.

வாங்கியதும் பெட்டி மேல் மாதமும் வருஷமும் எழுதிவிடுங்கள். பழைய பெட்டியை முதலில் தீர்த்துவிட்டுப் புதியதைத் திறங்கள். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், முடிகிற தேதியையும் அதே டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், திரும்ப எடுத்ததும் முதல் வேலையாக நிப்பிளைக் கழற்றித் துருவைப் பாருங்கள்.